"நீங்க எங்க பாத்தீங்க, சேர்?" – எமது ஊர் வரலாறும் இணைய ஆவணகங்களும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுமையாக வாசியுங்கள். குறிப்பாகப் பெற்றோரும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

கடந்த வருடம் எமது உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் ஊரின் பெரிய பள்ளிவாசலைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்தார். முதல் வரியே "எமது பள்ளிவாசல் 1640 ஆம் ஆண்டு கட்டப்பட்டது" என்றிருந்தது. நாம் வழக்கம்போல அதன் கீழ் சிவப்புக் கோடு இழுத்து "ஆதாரம்?" என்று எழுதிக் கொடுத்தோம். மறுநாள் பிள்ளை கொப்பியைக் கொண்டு வந்து பணிவாகக் கேட்டது: "சேர், போன மீலாத் விழாவுல மேடையில நீங்கதானே இதச் சொன்னீங்க? நீங்க எங்க பாத்தீங்க, சேர்?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. பள்ளிவாசல் முன்சுவரில் பதித்த பளிங்குக் கல்லில் பார்த்தோம். கல்லில் எழுதியவர்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டார்கள். பெரியவர்கள் அவர்களுடைய பெரியவர்கள் சொல்லக் கேட்டார்கள். அதற்கு மேல் நூல் அறுந்து விடுகிறது.

எமது சமூகத்தில் இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. வட்ஸ்அப்பில் வாரம் ஒரு தடவையாவது "நாம் இந்த நாட்டில் 1400 வருடங்கள்" என்றொரு செய்தி வருகிறது. ஆமீன் போட்டு அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். யாராவது எதிர்த்துக் கேட்டால் கோபப்படுகிறோம். கோபம் ஆதாரமாகாது. எமது இருப்பைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் கூடிவரும் ஒரு நாட்டில், இதை நாம் விளையாட்டாக எடுக்க முடியாது.

*காகிதங்கள் எங்கே போயின?*

எம்மிடம் காகிதம் குறைவு என்பதற்குக் காரணங்கள் உண்டு. 1981 மே 31 ஆம் திகதி இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அது தமிழ் பேசும் எல்லோரினதும் இழப்பு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடுப்போடு வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய காணி உறுதிகளும் பள்ளிவாசல் பதிவேடுகளும் மத்ரஸாக் கிதாபுகளும் வீட்டோடு போயின. 2004 டிசம்பர் 26 இல் கடல் எடுத்த கரையோர ஊர்களில் மனிதர்களோடு சேர்த்து அலுமாரிகளும் போயின. மிச்சத்தைக் கறையான் பார்த்துக் கொண்டது. அதற்கும் மிஞ்சியதைப் பெருநாளைக்கு வீடு கழுவும்போது நாமே எரித்தோம்.

ஆனால் எல்லாம் அழியவில்லை. எம்மைப் பற்றிய காகிதங்களில் பெரும் பகுதி எம்மிடம் இருக்கவே இல்லை. எம்மை ஆண்டவர்கள் அதை எழுதினார்கள், கட்டி வைத்தார்கள், கப்பலில் கொண்டு போனார்கள். அந்தக் காகிதங்களில் கணிசமானவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு பல மாதங்கள் அவற்றைத் தேடினோம். கண்டதைச் சொல்வதற்கே இந்தப் பதிவு.

*ஒரு கல்லின் கதை*

முதலில் எல்லோரும் பேசும் அந்தக் கொழும்புக் கல்வெட்டை எடுப்போம். கொழும்பில் பழைய முஸ்லிம் மையவாடியைச் சேர்ந்த, கூஃபி எழுத்தில் அமைந்த ஒரு மீஸான் கல். இதை உலகுக்கு அறிவித்தவர் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன். இலங்கை முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதிய கடிதம் 1827 இல் இலண்டன் றோயல் ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. கல்வெட்டை வாசித்து மொழிபெயர்த்தவர் கேம்பிரிட்ஜில் அறபுப் பேராசிரியராக இருந்த சாமுவேல் லீ. அவருடைய வாசிப்பின்படி ஆண்டு ஹிஜ்ரி 337. அதாவது கி.பி. 948 அளவில்.

இந்தக் கட்டுரையை வாசிக்க இலண்டன் போகத் தேவையில்லை. ஜேஸ்டோர் என்ற தளம் மிகப் பழைய ஆய்விதழ்களைக் கட்டணமில்லாமல் திறந்து விட்டிருக்கிறது. வீட்டில் இருந்தே, கைத்தொலைபேசியில் பார்க்கலாம்.

இன்னொரு சுவையான விடயம். இதே சாமுவேல் லீதான் இப்னு பதூதாவின் பயணக் குறிப்புகளின் சுருக்கத்தை 1829 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1344 இல் இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கியதையும், ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், பாவா ஆதம் மலைக்குப் போனதையும் அதில் வாசிக்கலாம். 1996 இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தளத்தில் அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

இப்போது கவனியுங்கள். இந்தக் கல் எதை நிரூபிக்கிறது? பத்தாம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு முஸ்லிம் அடக்கப்பட்டார், அவருக்கு அறபியில் கல் நாட்ட அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதை. இது சிறிய விடயமல்ல. ஆனால் எமது ஊர் அப்போது இருந்தது என்பதை அது நிரூபிக்கவில்லை. "1400 வருடங்கள்" என்பதையும் நிரூபிக்கவில்லை. ஆதாரம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் நாமும் போகலாம்.

*பேசுகிறோம், வாசிக்கவில்லை*

அடுத்தது, மேடைகளில் நாம் அடிக்கடி பேசும் விவாதம். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சோனகர் இனத்தால் தமிழர் என்பது அவர் வாதம். அடுத்த வருடம், 1889 இல், சட்டநிரூபண சபைக்கு முதலாவது முஸ்லிம் உறுப்பினராக எம்.சி. அப்துர் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். இராமநாதனின் கட்டுரைக்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907 இல் வந்தது.

இந்த இரண்டு பெயர்களையும் தெரியாதவர் எம்மில் குறைவு. இரண்டையும் வாசித்தவர் எத்தனை பேர்? நாமே இருபத்தைந்து வருடம் படிப்பித்த பிறகுதான் இராமநாதனின் கட்டுரையை முதன்முதலாக முழுமையாக வாசித்தோம். அந்தச் சங்கத்தின் பழைய இதழ்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. வாசித்தபோது இரண்டு விடயங்கள் விளங்கின. ஒன்று, அவர் வாதம் நாம் மேடையில் சொல்வது போல ஒற்றை வரியில் இல்லை. மொழி, உடை, திருமண வழக்கம், உடல் தோற்றம் என்று படிப்படியாகக் கட்டுகிறார். இரண்டு, அஸீஸ் அவர்கள் வெறும் கோபத்தால் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு படியாகப் பிரித்து மறுத்தார். நாம் அவர் பெயரை வைத்திருக்கிறோம், அவருடைய உழைப்பை விட்டுவிட்டோம்.

*ஊரைத் தேடும் வழி*

சரி, கொழும்புக்குக் கல் இருக்கிறது. எமது போன்ற சிறிய ஊருக்கு என்ன இருக்கிறது? நாம் போன பாதையைச் சொல்கிறோம்.

1. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் இடங்களை அகர வரிசையில் விவரிக்கும் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊர், ஆறு, குளம், குடிகள் என்று விபரம் தருகிறார். இணையத்தில் இருக்கிறது. முதலில் அதில் உங்கள் ஊரைத் தேடுங்கள்.

2. 1871 இலிருந்து பிரித்தானியர் பத்து வருடத்துக்கு ஒரு தடவை சனத்தொகைக் கணக்கெடுத்தார்கள். 1911 கணக்கெடுப்பு பற்றி ஈ.பி. டென்ஹம் எழுதிய பெரிய அறிக்கை வாசிக்க வாசிக்க அலுக்காதது. அந்தக் கணக்கெடுப்பில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்து எண்ணினார்கள்.

3. மட்டக்களப்பு மாவட்டத்தவர்கள் எஸ்.ஓ. கனகரத்தினம் 1921 இல் எழுதிய மாவட்ட வரலாற்று நூலைத் தேட வேண்டும். அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இன்றைய அம்பாறைக் கரையோரமும் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

4. பழைய வழக்குத் தீர்ப்புகள். பள்ளிவாசல் காணி, சீதனம், நன்கொடை, வக்பு பற்றி எமது முன்னோர் நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் 'புதிய சட்ட அறிக்கைகள்' தொகுதிகளில் உண்டு. பொதுநலவாய நாடுகளின் சட்டங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கொமன்லீ தளத்தில் அவற்றை இலவசமாகத் தேடலாம்.

5. ஒல்லாந்தர் காலத்துக்குப் போக வேண்டுமென்றால், அவர்களது கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் டென் ஹாக் நகரிலும் எமது கொழும்புச் சுவடிக்கூடத்திலும் வேறு சில நாடுகளிலும் இருக்கின்றன. 2003 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. டென் ஹாக்கில் உள்ளவற்றில் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களைக் கணினியைக் கொண்டு வாசித்து, சொல் கொடுத்துத் தேடக்கூடியதாக ஆக்கும் வேலையை 'குளோபலைஸ்' என்ற திட்டம் செய்கிறது. பழைய ஒல்லாந்து மொழிதான். ஆனால் ஊர்ப் பெயர் வருகிறதா என்று பார்க்க மொழி தெரிய வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான குறிப்பு. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. ஆங்கிலேயர் புத்தளத்தைப் 'புட்லம்' என்று எழுதினார்கள். எம்மைப் 'முஸ்லிம்' என்று தேடினால் பழைய நூல்களில் அகப்பட மாட்டோம். 'மூர்', 'மூர்மன்', 'மொஹமடன்' என்று தேட வேண்டும். ஒல்லாந்தர் 'மூரன்' என்றார்கள். எமது ஊர்ப் பெயரை ஆறு விதமாக எழுதிப் பார்த்து, ஐந்தாவதில்தான் எமக்கு அகப்பட்டது. அதுவும் ஒரேயொரு வரி.

இன்னுமொன்று. இவை எம்மை ஆண்டவர்கள் வரிக்காகவும் அதிகாரத்துக்காகவும் எழுதியவை. அவர்கள் பார்த்ததைத்தான் எழுதினார்கள், தேவைப்பட்டதைத்தான் எண்ணினார்கள். 1915 கலவரத்தை எடுங்கள். அது பற்றி இராமநாதன் இலண்டனில் 1916 இல் வெளியிட்ட நூல் இணையத்தில் இருக்கிறது. இராணுவச் சட்டத்தால் சிங்களத் தலைவர்கள் பட்ட கொடுமை அதில் விரிவாக இருக்கிறது. கடையை இழந்த முஸ்லிம் குடும்பம் அன்றிரவு எங்கே படுத்தது என்பதை அறிய அது போதாது. ஒரு ஆவணம் சொல்வதைப் போலவே அது சொல்லாமல் விடுவதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

*எமது குரல் எங்கே?*

எமது ஆட்களே எழுதியதைத் தேடினால் நாம் போக வேண்டிய முதல் இடம் நூலகம் தளம். 2005 இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய முயற்சி. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல், சஞ்சிகை, பத்திரிகை, நினைவு மலர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து யாருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். முஸ்லிம்களுக்கென்று தனிப் பகுதியும் உண்டு. யாழ் நூலகம் எரிந்த சமூகம் அந்த நெருப்பிலிருந்து கற்ற பாடம் அது என்றே நாம் நினைக்கிறோம்.

அறிஞர் சித்திலெப்பை 1882 இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். அச்சுக்கு வந்ததால்தான் அவர் இன்றும் எம்மோடு பேசுகிறார். எமது மலாய்ச் சகோதரர்களைப் பாருங்கள். அவர்களது வீடுகளில் பரம்பரையாக இருந்த மலாய்க் கையெழுத்துப் பிரதிகளைப் பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் படம் பிடித்தார்கள். கிதாபு வீட்டிலேயே இருக்கிறது, அதன் பிரதியை உலகம் வாசிக்கிறது. எமது வீடுகளில் இருக்கும் அறபுத் தமிழ்க் கிதாபுகளுக்கு இதைச் செய்ய எம்மைத் தடுப்பது யார்?

*அந்தப் பிள்ளை கண்டது*

இனி அந்த மாணவியின் கதைக்கு வருவோம். 1640 க்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1626 இல் போர்த்துக்கேயர் தமது பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் மன்னன் அவர்களைக் கிழக்கில் குடியேற்றினான் என்று நாம் படித்திருக்கிறோம். அதிலிருந்து யாரோ ஒருவர் ஊகித்துப் பதினான்கு வருடம் கூட்டியிருக்க வேண்டும்.

ஆனால் நூலகம் தளத்தில் அயலூர்ப் பாடசாலை ஒன்றின் பழைய மலர் ஒன்றைப் பிள்ளை கண்டுபிடித்தது. அதில் ஒரு கட்டுரையில், எமது பெரிய பள்ளி நிற்கும் வளவு இன்ன குடும்பத்தார் கொடுத்தது என்று ஒரு வரி. அந்தக் குடும்பம் பிள்ளையின் உம்மம்மாவின் குடும்பம்! வீட்டில் போய்க் கேட்டதும், உம்மம்மா கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைத் திறந்தாராம். பழைய உறுதிகளுக்கு நடுவில், நாலாக மடித்து மடிப்பில் கிழிந்த ஒரு நொத்தாரிசு உறுதி. 1874 ஆம் ஆண்டு. பள்ளிவாசலுக்கும் மையவாடிக்கும் தென்னந்தோட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். கையொப்பம் தெரியாதவர், பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார்.

பளிங்குக் கல்லில் ஏழு ஆண்களின் பெயர் இருக்கிறது. இந்த உம்மாவின் பெயர் இல்லை. நூற்றைம்பது வருடமாக நாம் தொழும் மண்ணைத் தந்தவருக்கு ஊர் ஒரு துஆகூடக் கேட்கவில்லை. பெயர் தெரிந்தால்தானே கேட்பதற்கு.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டோம். "பள்ளிட வயச சேர் குறைக்கிறாரு" என்றார் ஒருவர். "நாளைக்கி மத்தவங்க இத வச்சிப் பேசினா?" என்றார் இன்னொருவர். அவருடைய பயத்தை நாம் குறைவாக நினைக்கவில்லை. அது எமக்கும் உள்ள பயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1640 என்று சொல்லி, ஒருவர் ஆதாரம் கேட்டால் நாம் தலை குனிய வேண்டும். 1874 என்று சொல்லி உறுதியை மேசையில் வைத்தால், கேட்டவர் வாய் மூட வேண்டும். அதற்கு முன்னரே ஓலைப் பள்ளி இருந்திருக்கலாம். உறுதியிலேயே 'பள்ளிவாசலுக்கு' என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் பள்ளி உறுதிக்கு மூத்தது. எவ்வளவு மூத்தது என்பதை இனித் தேட வேண்டும்.

கடைசியில் ஒரு முதிய ஹாஜியார்தான் முடித்து வைத்தார். "ஹதீஸுக்கு ஸனத் கேக்கிற உம்மத்து நாம. நம்மட கதைக்கு மட்டும் ஏன் கேக்கப் படாது?" பளிங்குக் கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இந்த வருட மலரில் 'செவிவழிச் செய்தி' என்று ஒரு பகுதியும் 'ஆவணம் சொல்வது' என்று ஒரு பகுதியும் வருகிறது. உறுதியின் படமும் அந்த உம்மாவின் பெயரும் இரண்டாவது பகுதியில் வரும், இன்ஷா அல்லாஹ்.

*இணையமும் எரியும்*

இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதல் ஒன்றில் பிரித்தானிய நூலகத்தின் சேவைகள் முடங்கி, பல மாதங்கள் கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்க முடியாமல் போனது. 2024 ஒக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. ஒரே இடத்தில் வைத்தது எதுவும் பாதுகாப்பல்ல. தேவையானதைத் தரவிறக்கி, குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள்.

ஆகவே உறவுகளே, எமது வேண்டுகோள் இவ்வளவுதான்:

• பெருநாள் துப்பரவின்போது எந்தப் பழைய காகிதத்தையும் எரிக்க முன் ஒருவரிடம் காட்டுங்கள். காவின் பிரதி, உறுதி, கடிதம், கல்யாண அழைப்பு, கடைக் கணக்குக் கொப்பி எதுவானாலும் சரி.

• பகல் வெளிச்சத்தில், தட்டையாக வைத்து, கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். யாருடையது, எங்கே இருந்தது, எப்போது எடுத்தது என்று எழுதுங்கள். காணி உறுதிகளைப் பொதுவில் போட வேண்டாம். குடும்பத்தின் அனுமதி முக்கியம்.

• பாடசாலை, பள்ளிவாசல், விளையாட்டுக் கழக மலர்களில் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். எமக்கு உதவியது அப்படி யாரோ கொடுத்த ஒரு மலர்தான்.

• பள்ளிவாசல் பதிவேடுகளை ஸ்கேன் செய்ய ஜமாஅத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். எமது மாணவர்கள் வந்து செய்வார்கள். பகல் சாப்பாடு தந்தால் போதும்.

• வரலாற்றுச் செய்தி ஒன்று வட்ஸ்அப்பில் வந்தால், அனுப்பியவரிடம் அந்தப் பிள்ளை கேட்டதையே கேளுங்கள்: "நீங்க எங்க பாத்தீங்க?"

அந்தச் செயற்றிட்டத்துக்கு நாம் நல்ல புள்ளி போட்டோம். முதல் வரியைப் பிள்ளையே வெட்டி மாற்றியிருந்தது. இப்போது அது ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்குகிறது.

அந்த உம்மாவுக்கும், பெயர் தெரியாமல் போன எமது எல்லா முன்னோருக்கும் அல்லாஹ் மறுமையில் உயர்ந்த இடத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.

உங்கள் வீட்டில் பழைய காகிதம் ஏதும் இருந்தால் பாடசாலை விட்ட பிறகு எம்மைச் சந்தியுங்கள். பெட்டியோடு வந்தாலும் பரவாயில்லை.